தொழில் மாறினால் கடன் தீருமா?

இளமையிற் கற்ற தொழிலை இடைவழியில் விட்டு வேறொரு தொழிலுக்குச் செல்பவனைப் பற்றி ஊரில் இருவிதமான பேச்சு எழுவதுண்டு. "இவ்வளவு காலம் பழக்கியதெல்லாம் வீணாய்ப் போயிற்று" என்பது தொழில் பழக்கியவரின் மனக்குறை. "நல்லகாலம், அந்த வேலையிலிருந்து தப்பிவிட்டான்" என்பது உறவினரின் மகிழ்ச்சி. முதலாவது பேச்சு அவனைக் கடனாளியாக்குகின்றது. இரண்டாவதோ அவன் கற்ற தொழிலையே இழிவாக்குகின்றது. கட்டடத் தொழிலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் எவ்வளவு நியாயமானவை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

மேசன் தொழிலைப் புத்தகத்திற் படித்துவிட முடியாது. சாந்து குழைத்தல், கல் எடுத்துக் கொடுத்தல் என்று தொடங்கி, தூக்குக்குண்டின் நூலைப் பார்க்கக் கண் பழகுவதற்கே பல மாதங்கள் செல்லும். பழுதாகும் சீமெந்துக்கும் கோணலாகும் சுவருக்கும் தாமே பொறுப்பேற்றுக்கொண்டுதான் குருவானவர் பழக்குகின்றார். மேலும் இத்தொழிலின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுவது. அத்திவாரத்தை மண் மூடும். கல் அடுக்கிய விதத்தைப் பூச்சு மூடும். சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டினாலும் வீட்டுக்காரர் அன்று அறியமாட்டார். (ஒப்பந்தக்காரர் சிலர் இதனை நன்கறிவர் என்பது வேறு கதை.) ஆகவே எவரும் பாராத இடத்திலும் ஒழுங்காக வேலை செய்யும் பழக்கமே இத்தொழிலின் உயிர் எனலாம்.

ஸ்கொட்லாந்தின் குரோமாட்டி என்னும் கரையோர ஊரில் 1802 இல் பிறந்தவர் ஹியூ மில்லர். கப்பலோட்டியான தந்தை 1807 இல் கடலில் மறைந்தார். பள்ளியில் அடங்காத பிள்ளையாக இருந்த மில்லர், பதினேழு வயதில் கற்கொத்தரான உறவினர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். வேலை தொடங்கியபோதே, பிளந்த பாறையின் முகத்தில், அலை வற்றிய மணலிற் காணப்படுவது போன்ற வரிகளைக் கண்டு வியந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கல் கொத்தினார். கல்தூசு அவரது நெஞ்சைப் பாதித்தது. 1834 இல் வங்கியொன்றிற் கணக்காளரானார். 1840 இல் எடின்பரோ சென்று 'விட்னஸ்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1841 இல் வெளிவந்த 'பழைய செம்மணற்கல்' என்னும் நூல் அவரைப் புவிச்சரிதவியல் உலகில் நிலைநிறுத்தியது. கல்லினுட் புதைந்த ஆதிகால மீனொன்றுக்கு அகாசி என்னும் பேரறிஞர் மில்லரின் பெயரையே சூட்டினார்.

இவர் குருவுக்குக் கடன்பட்டவரா? கரண்டியையும் உளியையும் கடைசிவரை பிடித்திருப்பதே கடன் தீர்க்கும் வழியென்றால், ஆம். ஆனால் தூசு புகுந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவ்விதம் தீர்க்கும்படி எந்தக் குருவும் கேட்டிருக்க மாட்டார். பிறர் தருமத்திலும் தன் தருமமே மேல் எனக் கூறும் கீதையைச் சிலர் இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவர். தன் தருமம் என்பது பிறப்பால் கையில் வைக்கப்பட்ட கருவியென்று கொண்டால், மேசனின் மகன் மேசனாகவே இருக்கவேண்டும் என்ற பழைய அநியாயத்துக்கே அது துணைபோகும். எடுத்த வேலையைச் செய்யும் நேர்மை என்று கொள்வதே பொருத்தம். தோமஸ் டெல்போர்ட் கற்கொத்தராகத் தொடங்கிப் பாலங்கள் அமைக்கும் பொறியியலாளரானார். அவரது மாற்றத்தை எவரும் குறைகூறுவதில்லை, ஏனெனில் அது ஒரே ஏணியின் மேற்படி. மில்லரைப் போல் ஏணியையே மாற்றுபவனிடந்தான் இவ்வினா எழுகின்றது.

வடக்குக் கிழக்கில் 2012 முதல் இந்திய உதவியுடனான வீட்டுத்திட்டம் பெருமளவில் நடைபெற்றபோது, பயனாளிகளே முன்னின்று வீடுகளைக் கட்டினர். அக்காலத்திற் கரண்டி பிடித்த இளைஞர் பலர், வேலை குறைந்ததும் முச்சக்கரவண்டிக்கும் கடைக்கும் வெளிநாட்டுக்கும் சென்றனர். பிழைப்புக்காகச் சென்றவரைக் குறைகூற இடமில்லை. ஆனால் பெண் பார்க்கும் வேளையில் "முன்னர் மேசன் வேலை" என்பதை வீட்டார் மறைப்பதுதான் வருந்தத்தக்கது. அப்படி மறைக்கும்போது, கூலியை எண்ணிப் பாராது தொழில் பழக்கிய மனிதரும் சேர்ந்தே மறைக்கப்படுகின்றார்.

1854 இல் தம் வரலாற்றை எழுதிய மில்லர், கற்குழியையும் தொழிலாளர் கூடித் தங்கிய கொட்டிலையும் பற்றிப் பல அத்தியாயங்கள் எழுதினார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'என் பள்ளிகளும் பள்ளியாசிரியர்களும்' என்பதாகும்.