பத்தாவது வகை

பி.எட். படித்தவர்களுக்கு பிளாண்டர்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். நெட் பிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் வகுப்பறையை அளக்க ஒரு முறை செய்தார். பார்வையாளர் உட்கார்ந்து, மூன்று விநாடிக்கு ஒரு முறை, நடப்பதை ஓர் எண்ணாகக் குறிக்க வேண்டும். ஆசிரியர் பேச்சுக்கு ஏழு வகை, மாணவர் பேச்சுக்கு இரண்டு. மிச்சமுள்ள பத்தாவது வகை: மௌனம் அல்லது குழப்பம். 20 நிமிடத்தில் 400 குறிகள் விழும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இது என்னை உறுத்தவே இல்லை. மௌனத்தையும் குழப்பத்தையும் எப்படி ஒரே டப்பாவில் போட்டார்கள் என்று யோசித்ததெல்லாம் பிறகுதான்.

நான் ஆசிரியர் பயிற்றுநர். வட்டாரத்துப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பைப் பார்த்துக் குறிப்பது என் வேலைகளில் ஒன்று. இப்போது 400 குறியெல்லாம் கிடையாது. கைபேசியில் செயலி இருக்கிறது. கேள்வி வரும், ஆம், இல்லை என்று தொட்டுக்கொண்டே போகலாம்.

அன்றைக்குப் போனது ஓர் ஈராசிரியர் பள்ளி. எண்ணும் எழுத்தும் வகுப்பு. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எண் பாட்டு ஆரம்பிக்க இருந்த நேரம். மொட்டுக் குழுவில் ஒரு பையன் அப்படியே சரிந்து தூங்கிப்போனான். டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய் அவன் பையை எடுத்துத் தலைக்குக் கீழே வைத்தார். பாட்டு தொடங்கியது, ஆனால் கிசுகிசுப்பாக. முப்பது பிள்ளைகளும் ரகசியம் பேசுவதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று பாடினார்கள். கை தட்ட வேண்டிய இடத்தில் விரல் நுனிகளை மட்டும் தட்டினார்கள்.

செயலியில் கேள்வி வந்தது: அனைத்து மாணவர்களும் செயல்பாட்டில் ஈடுபட்டனரா?

'இல்லை' என்பதுதான் உண்மை. ஆனால் அந்த 'இல்லை' மேலே போகும்போது அதனுடன் பை போகாது, கிசுகிசுப்பு போகாது. டீச்சரின் பெயர் மட்டும் போகும். யாரோ ஒருவர் கூட்டத்தில் எழுப்பிக் கேட்பார். காரணத்தையும் சேர்த்து எழுதலாமே என்றால், அது அந்தப் பையன் வீட்டு விஷயம். அப்பா குடித்துவிட்டு வந்து ராத்திரி ரகளை, அம்மாவும் பிள்ளையும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள் என்று டீச்சர் இடைவேளையில் சொன்னார். ஏழு வயதுப் பையனின் அந்த ராத்திரியை அவனைக் கேட்காமல் ஒரு பதிவேட்டில் ஏற்ற எனக்கு என்ன உரிமை?

'ஆம்' என்று தொட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விதியைவிட மனுஷன் பெரிசு என்ற மாதிரி.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார்.

"அவன் தூங்குனதை எழுதிட்டீங்களா சார்?"

"இல்ல டீச்சர், எழுதல. கவலப்படாதீங்க."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"எழுதியிருக்கலாமே சார். இந்த மாசம் மூணாவது தடவ இப்படித் தூங்குறான். நான் சொன்னா டீச்சர் சமாளிக்கத் தெரியாம சொல்றாங்கம்பாங்க. நீங்க எழுதுனா யாராவது வந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். அவன் பேர் மட்டும் வேணாம்."

பைக்கில் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. நான் கருணை என்று நினைத்தது என்ன? டீச்சர் பயப்படுவார் என்று நானே முடிவு செய்தேன். பையனைக் காப்பாற்றுகிறேன் என்றும் நானே முடிவு செய்தேன். இரண்டு பேரில் ஒருவரையும் கேட்கவில்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்காத பதில் எதுவோ, அதைத் தொட்டுவிட்டு அதற்கு நல்ல பெயர் சூட்டிக்கொண்டேன். எழுதினால் காட்டிக்கொடுப்பது, எழுதாவிட்டால் காப்பது என்று கணக்கு அவ்வளவு லேசாக இல்லை. எழுதாமல் விடுவதும் கைவிடுவதுதான், சில நேரம்.

இதற்கு என்னிடம் பொதுவிதி எதுவும் இல்லை. பழக்கம் ஒன்றை மட்டும் உண்டாக்கிக்கொண்டேன். செயலி தவிர ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் நான் நினைத்தது. பிள்ளைகள் பெயர் கிடையாது. கிளம்புமுன் இடது பக்கத்தை ஆசிரியரிடம் காட்டுவேன். எது மேலே போகலாம், எது நோட்டோடு நிற்கட்டும் என்று இரண்டு பேரும் பேசுவோம். எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. கண்டிப்பாக எழுத வேண்டியதை எழுத வேண்டாம் என்று கெஞ்சியவர்களும் உண்டு. ஒரு பிள்ளையை அடித்ததைப் பார்த்துவிட்டு அனுமதிக்குக் காத்திருக்க முடியாதே. எழுதுவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

அதே பள்ளிக்கு அடுத்த முறை போனபோது, அந்த நாளை நினைவிலிருந்து எழுதிக் காட்டினேன். 'ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார், பிள்ளைகள் பின்பற்றினர்' என்று எழுதியிருந்தேன். டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"தப்பு சார். முதல்ல மெதுவா பாடுனது முன்னாடி உக்காந்திருந்த ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு. அவளப் பாத்துத்தான் நானே கொரலக் கொறச்சேன்."

கண்ணால் பார்த்தது என்று நான் எழுதிய இடது பக்கத்திலேயே பிழை. பேனாவை வாங்கி அவரே திருத்தினார்.