பிள்ளையின் பெயர் அட்டையில் இருக்கிறதா?

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆனால், பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே அது கிடைத்தது. ஒருநாள் மதீனாவுக்கு வெளியே ஒரு வணிகக் கூட்டம் தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு கலீஃபாவே இரவுக் காவலுக்குப் போனார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் போய் கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் அழுகை. கடைசியில் காரணம் கேட்டபோது, எதிரில் நிற்பது கலீஃபா என்று தெரியாமலேயே அந்தத் தாய் உண்மையைச் சொன்னார்: பால்குடி மறந்தால்தான் உமர் உதவித்தொகை தருவார், அதனால் நேரத்துக்கு முன்பே பாலை நிறுத்துகிறேன் என்றார்.

அன்று ஃபஜ்ரில் உமர் (ரலி) அழுத அழுகையில் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் உயிருக்குத் தாம் காரணமானோமோ என்று கலங்கினார்கள். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவி உண்டு என்று உடனே அறிவிக்கச் செய்து, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பினார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பன் அஸருக்குப் பின் என் கையைப் பிடித்து அழுதார். பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்கு ஜும்ஆவில் துண்டு ஏந்தி வசூல் செய்து தர வேண்டும் என்றார். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆனால் குடும்ப அட்டையில் அந்தப் பிள்ளையின் பெயரே இல்லை! பிறந்து மூன்று வருடம் ஆகியும் சேர்க்கவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன் ஹஜ்ரத்" என்றார்.

சகோதரர்களே! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிள்ளைகளின் இதய அறுவை சிகிச்சையும், காது கேளாத சிறு குழந்தைக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியும் இதில் அடங்கும். சாதாரண காய்ச்சலுக்கு ஓபி சீட்டு வாங்குவதற்கான அட்டை அல்ல இது. உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது.

காப்பீடு ஹராம் இல்லையா?

பலர் கேட்கிறீர்கள், நல்ல கேள்விதான். வணிகக் காப்பீட்டு ஒப்பந்தம் கூடாது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985இல் தீர்மானித்தது உண்மை. அங்கே நாம் பணம் கட்டி, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றை வாங்குகிறோம். இந்தத் திட்டத்தில் நாம் ஒரு ரூபாயும் பிரீமியம் கட்டுவதில்லை. கட்டுவது அரசு. நம்மைப் பொறுத்தவரை இது அரசு ஏழைக்குத் தரும் உதவி. தயங்க வேண்டியதில்லை.

தயங்க வேண்டிய இடம் வேறு. மகன் துபாயில் சம்பாதிக்கிறான், வீட்டில் ஏசி ஓடுகிறது, ஆனால் வருமானச் சான்றிதழில் பொய்க் கணக்கு! இது பொய் மட்டுமல்ல, ஏழையின் ஹக்கில் கை வைப்பது. மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

குழந்தை பிறந்தால் அகீகாவை நினைக்கிறோம், பெயர் சூட்டுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதே கையோடு பிறப்புச் சான்றிதழ், ஆதார் வாங்கி, இ-சேவை மையத்தில் குடும்ப அட்டையில் பெயரைச் சேருங்கள். ஐந்து வயதுக்குள் ஆதாருக்குக் கைரேகை தேவையில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதாரோடு அரியலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

தாய்மார்களுக்கும் சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பிறவிக் குறையை அங்கேயும் கண்டுபிடிக்கிறார்கள்.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னார்கள். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்றும் எச்சரித்தார்கள்.

அன்று பட்டியலில் கைக்குழந்தைக்கு இடமில்லை. அதற்காக ஆட்சியாளர் அழுதார். இன்று இடம் இருக்கிறது, நாம்தான் பெயர் எழுதவில்லை.

தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடு, விதவையின் வீடு, யதீம் பிள்ளைகள் இருக்கும் வீடு, இவற்றுக்கு யார் அலைவது? அது ஜமாஅத்தின் கடமை. இஷாவுக்குப் பின் படித்த நம் வாலிபர்கள் நாலு பேர் என்னிடம் வாருங்கள். தா.பழூர் மஹல்லாவில் வீடு வீடாகக் கேட்டு, பெயர் விடுபட்ட பிள்ளைகளின் பட்டியலை அடுத்த ஜும்ஆவுக்குள் எடுத்துவிடுவோம். அந்தத் தகப்பனின் பிள்ளைக்காகவும் துஆ செய்யுங்கள்.

நம் பிள்ளைகளின் அமானிதத்தைப் பேண அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. நோயுற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.