வெயிலும் வைத்தியமும்

நோயைத் தருபவனும் அல்லாஹ், குணம் தருபவனும் அவனே. அப்படியிருக்க டாக்டரிடம் ஓடுவது தவக்குலுக்குக் குறைவல்லவா என்று கேட்பவர்கள் நம் வீடுகளில் இன்றும் உள்ளனர். மழை வந்தால் குடை பிடிக்கிறவர்கள்தாம் இவர்களும். குடைக்கு இல்லாத தவக்குல் மருந்துக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ, நாமறியோம்.

சாத்தூரை எடுத்துக்கொள்வோம். வைப்பாற்றங்கரை ஊர்தான், ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் சொற்பம். இந்த வறண்ட காற்றுதான் தீப்பெட்டித் தொழிலையும் பட்டாசுத் தொழிலையும் இப்பகுதியில் வாழவைத்தது. பிழைப்பைத் தந்த வறட்சியே உடம்பையும் வாட்டுகிறது. கத்திரி வெயிலில் நீர்க்கடுப்பு, மயக்கம், கல்லடைப்பு. ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கும் பெண்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் காய்ச்சல். தட்டுப்பாட்டுக்குப் பயந்து டிரம்மில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தானே டெங்குக் கொசு முட்டையிடுகிறது!

காற்றையும் ஏச வேண்டாம், காய்ச்சலையும் ஏச வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆனால் ஏசாதிருப்பது வேறு, வைத்தியம் பாராமல் படுத்துக் கிடப்பது வேறு. கடும் வெப்பத்தில் ளுஹரைச் சற்றுத் தணிந்தபின் தொழ அனுமதித்ததும், மழை இரவில் அவரவர் இருப்பிடத்திலேயே தொழும்படி அறிவிக்கச் செய்ததும் அதே நபியவர்கள்தாம்.

ஹிஜ்ரி 8-ல் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. அன்றிரவு கடுங்குளிர். குளித்தால் உயிருக்கே ஆபத்தென்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழ வைத்தார்கள். விஷயம் நபியவர்களிடம் போயிற்று. அம்ரு (ரலி) அவர்கள் அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்தை ஆதாரம் காட்ட, நபியவர்கள் சிரித்தார்களே அன்றி ஒன்றும் கூறவில்லை. தலையில் காயம்பட்ட ஒருவரின் செய்தியோ இதற்கு நேர்மாறானது. உமக்குச் சலுகை இல்லை என்று சொல்லி அவரைத் தோழர்கள் குளிக்க வைத்தனர், அவர் மவுத்தாகிவிட்டார். அவரைக் கொன்றது இவர்கள்தாம் என்று நபியவர்கள் கடிந்ததாக அபூதாவூதில் காண்கிறோம்.

ஒருவர் தமக்கு மருந்து வேண்டாமென்பது ஒன்று. மனைவிக்கோ, மருமகளுக்கோ, தம்மிடம் வேலை செய்பவருக்கோ வேண்டாமென்பது முற்றிலும் வேறு. இரண்டாவதற்குத் தவக்குல் என்று பெயர் வைப்பது நியாயமாகாது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது செலவுக் கணக்கும், போய்விடும் ஒருநாள் கூலியும்தான்.

2019-ல் ரமளான் மே 7-ல் துவங்கிக் கத்திரி வெயிலோடு சேர்ந்து வந்தது நினைவிருக்கலாம். வெயிலில் கதிர் அறுக்கும் கூலியாட்களின் நோன்பைப் பற்றி ஷாஃபிஈ சட்ட மேதைகள் அன்றே பேசியிருக்கிறார்கள்: இரவில் நிய்யத்து வைக்க வேண்டும், பகலில் தாங்க முடியாத சிரமம் ஏற்பட்டால் விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்யலாம். தீப்பெட்டி ஆபீஸில் மயங்கி விழும் பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாமா? நோன்பை அவள் களாச் செய்துகொள்வாள். அன்றைய கூலிக்கும் மருந்துக்கும் என்ன வழி என்பதை மஹல்லா ஜமாஅத்தார் ஜகாத் கணக்குப் பார்க்கும்போதே பேசி முடிவு செய்யலாம்.