எடுக்காமல் விட்ட துண்டு

என் தலைக்குள் ஒரு செல் துண்டு இருக்கிறது. இடது பக்கம், காதுக்குக் கொஞ்சம் மேலே, ஆழத்தில். முல்லைத்தீவில் இது பெரிய செய்தி அல்ல. 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் பகுதியில் ஒருவருக்கு முள்ளந்தண்டில் பீஸ் இருக்கும், இன்னொருவருக்குத் தொடையில், வேறொருவருக்கு நுரையீரலோரம். கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது பேரைக் கேட்கமுன் அதைத்தான் கேட்பார்கள்: "உங்களுக்கு எங்கை?"

நான் ஓய்வுபெற்ற சைவசமய ஆசிரியை. அதனால் எனக்கு இன்னொரு கேள்வியும் வரும். "ரீச்சர், இது என்ன வினை?" கேட்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். சிலர் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள், போன பிறப்பில் யாருடைய தலையிலோ அடித்திருப்பேனாம்.

வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. அதைப் பாதியில் நிறுத்துவதைத்தான் மறுக்கிறேன். அனுபவிக்கிறவருக்கு அது பிராரத்தம், பழைய வினையின் பலன் என்றால், செல்லை அடித்தவருக்கு அது ஆகாமியம், புதிதாக ஏறும் கணக்கு. எங்கள் ஊரில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். அதுவும் காயப்பட்டவரின் முகத்துக்கு நேரே சொல்வார்கள். இரண்டாவது பாதியைச் சொல்ல எல்லாருக்கும் பயம். அப்பருக்கு வந்த சூலையைச் சிவன் கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது, அதை நம்புகிறேன். மாத்தளனில் என்னைக் காயப்படுத்திய செல்லைச் சிவன் கொடுத்தார் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

2009 பெப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கம் காயக்காரர், நோயாளர், துணைக்குப் போனவர்கள் என்று 13,000க்கும் மேற்பட்டோரைக் கடல் வழியாக வெளியே எடுத்தது. அவர்களில் ஒருத்தியாகத் திருகோணமலையில் இறங்கினேன். அங்கே காயத்தைத் துப்புரவாக்கித் தைத்தார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த காலம், உள்ளே என்ன கிடக்கிறது என்று யார் கேட்டார்கள்? மீள்குடியேறி முள்ளியவளைக்கு வந்து, பள்ளிக்கூடமும் திரும்பத் தொடங்கிய பிறகுதான் வலிப்பு வந்தது. வகுப்பிலேயே விழுந்தேன்.

முதலில் காட்டிய இடத்தில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஒரு குளிசையை எழுதித் தந்தார், அவ்வளவுதான். அந்த இடத்தின் பேர் வேண்டாம். பிறகு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் கடிதம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்போது வன்னியில் மூளைக்கென்று சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கவில்லை. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம் போய்ச் சேரலாம்.

கொழும்பில் என்னைப் பார்த்த மூளை நிபுணர் சிங்களவர். தமிழ் தெரியாது, என் சிங்களமோ சந்தையோடு சரி. ஒரு தமிழ் மிஸி நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னார். முதலில் டொக்டர் கேட்டது, தலையைத் தொடலாமா என்று. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண்ணின் தலையை எங்கள் ஊரில் யாரும் சும்மா தொடுவதில்லை. ஆஸ்பத்திரிகளில் அனுமதி கேட்டுத் தொட்டவரை அதற்கு முன் நான் கண்டதில்லை. தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். வலது கையை நீட்டச் சொன்னார். பேனை, மணிக்கூடு, சாவி என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பேர் கேட்டார். பிறகு, பாடமாக இருக்கிற எதையாவது சொல்லச் சொன்னார். ஒரு தேவாரம் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காத மனிதர், வெளியே அத்தனை சனம் நிற்க, கடைசி அடி வரைக்கும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்ன வேலை செய்யிறீங்கள்?"

"ரீச்சர், ஐயா."

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாக ஒரு பொட்டு. கதைக்கிற இடத்துக்கும் வலது கையை ஆட்டுகிற இடத்துக்கும் பக்கத்தில் அது கிடக்கிறது, அதை எடுக்க வேண்டுமென்றால் நல்ல மூளைக்குள்ளால் போக வேண்டும் என்றார். "எடுக்க எனக்குத் தெரியும். எடுத்தால் உங்கடை கதை போகலாம். அதாலை நான் எடுக்க மாட்டன்." மிஸி சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, நான் விளங்கிக்கொண்டேனா என்று என்னையே கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது சனத்துக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் போயும் வெட்டாமல் விட்டுவிட்டாரா? வெட்டினால்தான் டொக்டர் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். ஆனால் வெட்டாமல் விடுகிற இந்த அறிவு பல போர்களைத் தாண்டி வந்தது. முதலாம் உலகப் போரில் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நிபுணர் மூளைக்குள் கிடந்த இரும்புத் துண்டுகளைக் காந்தம் வைத்து வெளியே இழுத்தார். எல்லாவற்றையும் எடுத்துத் துப்புரவாக்க வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. 1980களில் லெபனான் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த பிறகுதான், ஆழத்தில் கிடப்பதைத் தோண்டுவதால் வரும் கேடு, விடுவதால் வரும் கேட்டிலும் பெரிது என்ற எண்ணம் வலுத்தது. துண்டை எடுத்தாலும் வலிப்பு வராது என்று உறுதி இல்லையாம், மூளையில் விழுந்த வடுவே அதற்குப் போதும். வியட்நாம் போரில் தலை துளைத்துக் காயப்பட்ட அமெரிக்கப் படையினரை 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது.

எடுக்க முடியாதது ஒன்று உள்ளே இருக்கும், அதோடு வாழத்தான் வேண்டும் என்பது எனக்குப் புதிதல்ல. சைவசித்தாந்தத்தின்படி, உயிரை மறைக்கும் ஆணவமலம் அனாதி, முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்கும். இதை எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்காது. "அப்ப சாமி ஏன் அதை எடுத்து எறியேல்லை, ரீச்சர்?" என்பார்கள். நானும் மனதில் படாமல்தான் பதில் சொல்லி வந்தேன். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில்தான் அது கொஞ்சம் பட்டது. ஆனால் இந்த ஒப்புமையை நீட்ட மாட்டேன். ஆணவத்துக்குத் தொடக்கம் இல்லை. என் தலைக்குள் இருப்பது ஒரு தொழிற்சாலையில் வார்த்தது, ஒரு மனிதர் அடித்தது.

அந்தக் கொழும்பு நிபுணரின் கிளினிக்கில் கிளிநொச்சித் தாய் ஒருத்தியோடு பழக்கமானேன். மகனுக்கு நெற்றியில் காயம். உயிர் தப்பிவிட்டான், நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் முந்தி ஒரு சொல் எதிர்த்துக் கதையாத பிள்ளை, இப்போது தூஷணம் கொட்டுகிறான், பாத்திரத்தைத் தூக்கி எறிகிறான், அடுத்த நிமிடம் சிரிக்கிறான். அவள் என்னிடம் கேட்டாள்: "இது என்ரை பிள்ளை இல்லை ரீச்சர். என்ரை பிள்ளை எங்கை போட்டான்?"

மெய்கண்டாரின் சிவஞானபோதம் நாலாம் சூத்திரம் எனக்குத் தெரியும். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் எல்லாம் கருவிகள். உயிர் இவற்றில் ஒன்றும் அல்ல. கருவி கெட்டது, பிள்ளை கெடவில்லை என்று சொல்லலாம்தான். எனக்கு வாய் வரவில்லை. அடி வாங்குகிற தாய்க்குக் கருவியும் உயிரும் ஒரே கைதானே?

உயிரும் மூளையும் ஒன்றா என்ற இதே கேள்வியோடு மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்றொரு மூளை நிபுணர் இருந்தார். நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து, மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொட்டுப் பார்ப்பார் பென்ஃபீல்ட். நோயாளியின் கை தானாக உயரும். உயர்த்தியது தாங்கள் அல்ல, டொக்டர்தான் என்பார்கள் நோயாளிகள். ஒன்றை நம்பவைக்கவோ தீர்மானிக்கவைக்கவோ தொடக்கூடிய இடத்தை அவர் எங்கும் காணவில்லை. மனம் மூளைக்குள் அடங்கிவிடாது என்று கடைசிக் காலத்தில், 1975இல், ஒரு புத்தகமே எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சிதான், மெய்கண்டாருக்கு ஒரு சாட்சி கிடைத்ததே என்று. ஆனால் சாட்சி பலவீனமானது. கையை ஆட்டுகிற இடம் வேறு, குணத்தைத் தாங்குகிற இடம் வேறு. நெற்றிப் பக்கம் அடிபட்டால் தீர்மானமே மாறிப்போகிறது என்பதற்கு அந்தத் தாயின் மகனே சாட்சி.

அந்தத் தாயை ஆற்றியது நானும் அல்ல, மெய்கண்டாரும் அல்ல, பென்ஃபீல்டும் அல்ல. டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். "இந்த இடம்தான் பிரேக். மகனுக்கு அது அறுந்துபோச்சு. வேணுமெண்டு செய்யேல்லை. உங்களிலை கோபமும் இல்லை." வெளியே வந்து வாங்கில் இருந்து நெடுநேரம் அழுதாள். பிறகு கடைக்குப் போய் மகனுக்கு வடை வாங்கிக் கொடுத்தாள்.

உயிர் எது, மூளை எது என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. வினை பற்றி, ஏன் இவனுக்கு வந்தது என்பது பற்றி, ஒரு சொல் இல்லை. எங்கே அடி, எது வேலை செய்கிறது, எது செய்யாது, வீட்டில் யார் பார்ப்பார்கள், இவைதான் அவருடைய கேள்விகள். சமயம் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், காயக்காரருக்கு முன்னால் நாங்கள் கேட்க வேண்டியவையும் இவைதான். "ஏன்" என்ற கேள்வியைக் காயப்பட்டவரே கேட்கட்டும். அவர் கேட்காதபோது நாங்கள் பதிலோடு போய் நிற்கக்கூடாது.

வற்றாப்பளை அம்மன் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நந்திக்கடலோரம் வந்த கிழவி மாடு மேய்க்கும் பொடியன்களிடம் தலை கடிக்கிறது, பாருங்கோ என்றாள். பார்த்தார்கள், தலை முழுக்கக் கண்கள். அந்தக் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதைத்தான் பெரிதாகச் சொல்வோம். முன்பின் தெரியாத ஒரு கிழவியின் தலையைப் பொறுமையாக விலக்கிப் பார்க்க அந்தப் பிள்ளைகள் இருந்தார்களே, அதை யாரும் பேசுவதில்லை. டொக்டரைக் கடவுள் என்பார்கள் நோயாளிகள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் கணக்கில் அவர் அந்த மாடு மேய்க்கும் பொடியன்களின் பக்கம்.

கடைசியாக ஒரு காரியம், தலையில் பீஸோடு இருக்கிறவர்களுக்கு. வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து, விரதத்தில் வலிப்புக் குளிசையை நிறுத்திவிட்டு, கோயில் வீதியிலேயே விழுந்த பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். விரதம் பிடியுங்கோ, தூக்குக்காவடியும் எடுங்கோ, ஆனால் டொக்டரைக் கேட்காமல் குளிசையை ஒரு நாளும் நிறுத்தாதேங்கோ. எந்த ஆஸ்பத்திரியிலாவது எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுக்கச் சொன்னால், படுக்க முன் உள்ளே இரும்பு இருக்கிறது என்று சொல்லுங்கோ. அந்த இயந்திரம் பெரிய காந்தம், துண்டு அசையலாம். கிளினிக் கொப்பியையும் பழைய படங்களையும் எறியாமல் வைத்திருங்கோ.