ஏக்கருக்கு ஒரு வாக்கு

ஒரு நிலப்பகுதியை யார் ஆள வேண்டும்? அதன் உடைமையாளரா, அதில் குடியிருப்பவரா, அல்லது நாள்தோறும் அங்கு வந்து உழைத்துவிட்டுப் போகிறவரா? மறைக்கல்லூரி வகுப்பறையில் எழுப்பப்படும் கேள்வி போல் இது தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சட்டமன்றம் 1967இல் ஒரு சட்டத்தின் வாயிலாகவே இதற்கு விடை கூறிற்று.

வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1960களின் நடுவில் அங்கு ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலம் வாங்கியது. விலை ஏறிவிடக் கூடாதென்று வேறு பெயர்கள் கொண்ட நிறுவனங்களை முன்னிறுத்தி வாங்கியது. பெரும்பகுதி சதுப்பு நிலமாதலால், 1966இல் முதலில் ஒரு வடிகால் வட்டமே அமைந்தது. மறு ஆண்டு சட்டமன்றம் அதனை 'ரீடி கிரீக் மேம்பாட்டு வட்டம்' ஆக்கியது. சாலை போடவும், கட்டட விதிகளை வகுக்கவும், தீயணைப்புப் படை வைக்கவும், கடன் பத்திரங்கள் வெளியிடவும், ஏன், வானூர்தி நிலையமும் அணுமின் நிலையமும் அமைக்கவுங்கூட அதற்கு அதிகாரம் கிடைத்தது. ஐவர் கொண்ட ஆட்சிக்குழுவை நிலவுடைமையாளர் தேர்ந்தெடுப்பர். ஏக்கருக்கு ஒரு வாக்கு. நிலமோ ஏறத்தாழ முழுவதும் ஒரே நிறுவனத்தினுடையது. தேர்தல் முடிவைச் சொல்லச் சோதிடர் தேவையில்லை!

இதைக் கேட்டவுடன் அநீதி என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுப்போம். நம் கண்மாய்ப் பாசனத்தில் என்ன வழக்கம்? நிலத்தின் அளவுக்கேற்ப மராமத்துக்கு ஆள் அனுப்புவர். அதே அளவுக்கேற்ப நீரும் பெறுவர். சுமையும் பயனும் நிலத்தையே சார்ந்திருக்கும்போது, நிலத்தை அளவுகோலாகக் கொள்வதில் தவறில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1973இல் கலிபோர்னியாவின் நீர்த்தேக்க வட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், நில மதிப்பின்படி வாக்களிக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. சட்டமன்றத் தேர்தலில் மக்கள்தொகையே அளவாக வேண்டும், நிலப்பரப்பு அன்று என்று 1964இல் தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றந்தான்.

ஆயின், மடை திறப்பதற்குப் பொருந்தும் அளவுகோல் மனிதரை ஆள்வதற்கும் பொருந்துமா? வடிகால் வட்டம் மேம்பாட்டு வட்டமாக மாறியபோது அதிகாரம் பன்மடங்கு பெருகிற்று. வாக்குமுறையோ நிலத்தோடு நின்றுவிட்டது. பிழை அங்கேதான் என்பது என் துணிபு. நல்ல சாலைகளும் வாய்க்கால்களும் அமைந்தன, வட்டத்தின் செலவைப் பெரும்பாலும் அந்நிறுவனமே வரியாகச் செலுத்திற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். இவ்வட்டமும் அத்தகைய சிற்றமைப்பன்றோ என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் திருத்தந்தை எண்ணியது மனிதர் கூடி வாழும் சமூகங்களை. இங்குக் குடியிருப்போரோ சில பத்துப் பேர், உழைப்போர் பல்லாயிரவர். அளவில் சிறியது என்பதனாலேயே ஓர் அமைப்பு மக்களுக்கு நெருக்கமானதாகிவிடுமா?

மாநிலக் கல்விச் சட்டமொன்றை அந்நிறுவனம் வெளிப்படையாக எதிர்த்தபின், 2022இல் வட்டத்தைக் கலைக்கச் சட்டம் வந்தது. 2023இல் அது மாற்றப்பட்டு, ஐவரையும் ஆளுநரே நியமிக்கும் புதிய ஏற்பாடு பிறந்தது. நம் நாட்டு ஆளுநரைப் போலன்றி, அங்கு அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். ஆதலால் இதுவே மக்களாட்சி என்பாரும் உளர். எனினும், கண்டித்துப் பேசியதற்குத் தண்டனையாக அமைப்பை மாற்றுவது சீர்திருத்தமாகுமா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. தொடர்ந்த பூசலை 2024இல் பேசித் தீர்த்துக்கொண்ட தரப்புகளும் இரண்டே: நிறுவனமும் அரசும்.

அறைகளைத் துப்புரவு செய்பவரும், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரும் இரவில் வட்டத்தின் எல்லையைக் கடந்து வீடு திரும்புகின்றனர். தம் வீட்டுத் தெருவைப் பற்றி அவர்களுக்கு வாக்கு உண்டு. பகலெல்லாம் தாம் உழைக்கும் இடத்தைப் பற்றி, 1967இன் சட்டத்திலும் இல்லை. 2023இன் சட்டத்திலும் கோடிக்கணக்கானோரில் ஒருவராக ஆளுநர் தேர்தலில் இடும் அந்த ஒரு வாக்குதான்.