அச்சத்தில் பிறக்குமா மனந்திரும்புதல்?

இங்கிலாந்துப் பிள்ளைகள் பதினாறு வயதையொட்டி எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தேர்வுக்குப் பரவலாகப் படிக்கப்படும் கதைகளில் ஒன்று, சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட ‘ஏ கிறிஸ்துமஸ் கேரல்’. ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் முதல் தாளில் இந்தக் கதை இடம்பெறும் பகுதிக்கு 30 மதிப்பெண். புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது. வினாத்தாளில் அச்சிட்டிருக்கும் ஒரு பகுதியிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் பற்றி எழுத வேண்டும். கதைநாயகன் ஸ்க்ரூஜ் எப்படி மாறுகிறான் என்பது எல்லாரும் தயார்செய்துகொண்டு போகும் கேள்வி. அதற்கு எளிதில் கைக்கு வரும் விடையும் ஒன்று உண்டு: கஞ்சன், மூன்று ஆவிகளைக் கண்டான், கடைசியில் தன் கல்லறையையே கண்டான், நடுங்கினான், திருந்தினான். இந்த விடை சரியென்றால் கதையில் மனமாற்றமே இல்லை. வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்தவன் சாவுக்குப் பயந்து கடைசியாக இன்னொரு கணக்குப் போட்டான், அவ்வளவுதான்.

கிறிஸ்தவ இறையியல் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகச் சுமந்து வருகிறது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது ஒன்று. அன்பை நோகடித்துவிட்டோமே என்று வருந்துவது வேறு. இரண்டாவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்பார்கள். முதலாவதையும் திருச்சபை தள்ளிவிடவில்லை. அதுவும் கடவுளின் கொடைதான், அருளைப் பெற மனிதனை ஆயத்தப்படுத்துகிறது என்று 1551-இல் திரெந்து சங்கம் சொன்னது. டிக்கன்ஸ் கத்தோலிக்கர் அல்லர். 1840-களில் சில காலம் யூனிடேரியன் வழிபாட்டுக்குப் போய்வந்தவர். ஆனாலும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் காட்சிகளை அடுக்கியிருக்கும் வரிசை புதிதாகத் தெரிகிறது.

அந்த வரிசையில் அச்சம் முதலிலேயே வந்துவிடுகிறது. பணப்பெட்டிகளும் சாவிகளும் கணக்கேடுகளும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு, ஏழு ஆண்டுகளுக்கு முன் செத்த கூட்டாளி மார்லி வந்து நிற்கிறான். ஸ்க்ரூஜ் மண்டியிட்டு நடுங்குகிறான். மார்லி போனதும் தன் வழக்கமான ஏளனச் சொல்லைச் சொல்ல வாயெடுக்கிறான், முதல் அசையோடு நின்றுவிடுகிறான். பிறகு உடைகூட மாற்றாமல் படுத்துத் தூங்கிப்போகிறான். அச்சம் அவனிடம் சாதித்தது அந்த ஒரு தூக்கம்தான். அழுகை வருவது அடுத்த பகுதியில். விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்ட பள்ளிக்கூடத்தில், குளிர் காயப் போதிய நெருப்புமில்லாமல், தன்னந்தனியாகப் புத்தகம் படிக்கும் சிறுவனான தன்னைப் பார்க்கிறான். அங்கே அவனைப் பயமுறுத்த எதுவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தின மாலை தன் கடை வாசலில் பாட வந்த ஒரு பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம் என்கிறான். அந்தப் பையனைத்தான் ரூல்தடியை ஓங்கி விரட்டியிருந்தான். பழைய முதலாளி ஃபெஸிவிக் வைத்த விருந்தைக் கண்டதும், தன்னிடம் வாரம் பதினைந்து ஷில்லிங்குக்கு உழைக்கும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்போல் இருக்கிறது என்கிறான். மூன்றாம் பகுதியில், பாபின் நோயாளிப் பிள்ளை டைனி டிம் பிழைப்பானா என்று வாய்விட்டுக் கேட்கிறான். மிகுதியான ஜனத்தொகை குறைந்தால் நல்லது என்று அவன் அன்று பேசியதை ஆவி அவனிடமே திருப்பிச் சொல்ல, தலை கவிழ்கிறான். பாவத்துக்கு வருந்துவதைக் குறிக்கும் சொல்லை டிக்கன்ஸ் இந்த இடத்தில் எழுதுகிறார். கல்லறை வருவதற்கு இன்னும் ஒரு முழுப் பகுதி இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவன் அழுதது தன்னிரக்கம்தானே என்று கேட்கலாம். தன்னிரக்கம்தான், ஆனால் அதற்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. தான் கைவிடப்பட்ட பிள்ளையாக இருந்ததை நினைத்த கணமே, தான் கைவிட்ட பிள்ளை நினைவுக்கு வருகிறான். மனந்திரும்புதல் என்று வேதாகமத் தமிழ் சொல்வது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: மனம் வந்த வழியே திரும்பிப் போய், எங்கே இறுகியதோ அங்கே இளகுகிறது. பிறகு கல்லறைக் காட்சி எதற்கு? அங்கே ஸ்க்ரூஜ் நடுங்கத்தான் செய்கிறான், கதறத்தான் செய்கிறான். ஆனால் நான்காம் பகுதியின் தொடக்கத்திலேயே, இந்த ஆவி தன் நன்மைக்காக வந்திருக்கிறது, தான் வேறு மனிதனாக வாழ விரும்புகிறேன் என்று சொல்லி நன்றியோடு அதன் பின்னால் போகிறான். கல்லறை அவனைத் திருப்பவில்லை. ஏற்கெனவே திரும்பியவனுக்கு அவகாசம் குறைவு என்று காட்டுகிறது. மார்லி சொல்லிப்போன துயரமும் அதுவே. ஜன்னலுக்கு வெளியே அலையும் ஆவிகளில் ஒன்று, குளிரில் கைக்குழந்தையோடு வாசற்படியில் கிடக்கும் பெண்ணுக்கு உதவ முடியாமல் அழுகிறது. இரக்கம் வந்துவிட்டது, கை இல்லை. டிக்கன்ஸ் காட்டும் நரகத்தில் நெருப்பே கிடையாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 1834-இன் ஏழைகள் சட்டம் வறியவர்களை ‘வொர்க்ஹவுஸ்’ என்ற இல்லங்களுக்குள் அடைத்தது. வறுமை ஜனத்தொகையால் வருகிறது என்ற பொருளியலாளர் மால்தஸின் வாதம் அதற்குத் துணை நின்றது. அந்த அமைப்பின் முன்னால், கதை முடிவில் ஸ்க்ரூஜ் செய்வதுபோல் ஒரு முதலாளி தன் குமாஸ்தாவின் வீட்டுக்கு வான்கோழி வாங்கிக் கொடுத்தால் போதுமா? போதாது. கதையைப் படித்துவிட்டுச் சட்டத்தை மறப்பவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. டிக்கன்ஸ் மறக்கவில்லை. அறியாமை, வறுமை என்ற இரண்டு எலும்புக்கூட்டுப் பிள்ளைகளை ஆவியின் அங்கிக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டி, அவர்கள் மனிதகுலத்தின் பிள்ளைகள் என்கிறார். அவர்களுக்கு யாரும் சோறு போடுவதாகக் கதை முடிவதில்லை. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் கடைசிப் பகுதியில் வான்கோழியோடு நின்றுவிடாமல், அதற்குப் பின் தெருவில் நடக்கும் சிறு சந்திப்பையும் படிக்க வேண்டும். முதல் நாள் ஏழைகளுக்காக நன்கொடை கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய பெரியவரை ஸ்க்ரூஜ் வழிமறித்து, காதில் ஒரு தொகையைச் சொல்கிறான். அவர் திகைத்துப்போகிறார். அதில் பழைய பாக்கி நிறைய இருக்கிறது என்கிறான் ஸ்க்ரூஜ். கணக்குப்பிள்ளையின் சொல்தான், ஆனால் ஏழைக்குக் கொடுப்பது தருமக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கு மாறிவிட்டது. அந்தத் தொகை எவ்வளவு என்று டிக்கன்ஸ் நமக்குச் சொல்வதில்லை.