நடு ஆசனத்தின் விலை

நோய்ப் பயம் நிலவும் காலத்தில், குறுந்தூர விமானம் ஒன்றின் மலிவு வகுப்பில், முன்பின் அறியாத இருவருக்கு நடுவே அமர்ந்திருக்கும் மனிதன் தன் அயலவனுக்குச் செய்ய வேண்டிய கடமை யாது? அயலவன் இருமினால் அவன்மீது கோபங்கொள்ள இவனுக்கு உரிமை உண்டா? ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் பிரயாணத்துக்கு இத்துணை ஒழுக்கவியல் விசாரணை எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆயினும், கதவு அடைக்கப்பட்டு, இறங்கவும் வழியின்றி, ஒரே காற்றைச் சுவாசித்திருக்கும் நூற்றைம்பது மனிதரின் நிலைமை அப்படியொன்றும் அற்பமானதன்று. மனிதன் மனிதனுக்குப் பட்டுள்ள கடன் எது, அக்கடனை விலைபேச முடியுமா என்ற பழைய கேள்விகள் அங்கே புத்துருவில் எழுகின்றன. 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 நோய் உலகெங்கும் பரவியபோது, ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் இக்கேள்விகள் மிகவும் பகிரங்கமாக எழுந்தன. அவற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் அந்த இடத்தை அறிந்துகொள்வோம். போயிங் 737 போன்ற விமானங்களில் ஒரு வரிசைக்கு ஆறு ஆசனங்கள். நடைவழியின் இருமருங்கும் மும்மூன்று. ஓர் ஆசனத்தின் அகலம் ஏறக்குறைய 17 அங்குலம். 'சிக்கன வகுப்பு' என்று இதற்கு நாகரிகமாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பிரயாணி பணத்திற் சிக்கனம் காண்கிறான். கம்பனியோ இடத்திற் சிக்கனம் காண்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்குக் காரணம் பற்றாக்குறை. பின்னதற்குக் காரணம் இலாபக் கணக்கு. முழங்கையும் முழங்கையும் உரச நாம் அமர்ந்திருப்பது எம் விருப்பத்தினாலன்று என்ற உண்மையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

அடுத்து, காற்று. விமானத்துட் காற்று நஞ்சென்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையன்று. பறந்துகொண்டிருக்கும் நவீன விமானத்தில் மணிக்கு 20 முதல் 30 தடவை வரை காற்று மாற்றப்படுகிறது. ஏறக்குறையப் பாதி வெளிக்காற்று. எஞ்சிய பாதி, நுண்துகள்களில் நூற்றுக்கு 99.97 வீதத்தைத் தடுக்கவல்ல வடிகட்டிகளினூடாக வருவது. விஞ்ஞானம் தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது. ஆனால், யந்திரத்தை இயக்குவதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பவன் மனிதன். 1977ஆம் ஆண்டில் அலஸ்காவில் யந்திரக் கோளாறு காரணமாக ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையிலே தாமதித்து நின்றது. அதில் இருந்தோர் 54 பேர். காற்றோட்ட யந்திரம் இயங்கவில்லை. காய்ச்சலும் இருமலும் கண்ட ஒருவர் அவர்களிடையே இருந்தார். மூன்று நாட்களுக்குள் பிரயாணிகளில் நூற்றுக்கு 72 பேர் நோய்வாய்ப்பட்டனர். தொற்றுநோயியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் சம்பவம் இது. கிருமியைக் கொணர்ந்தவர் ஒருவர். அதை எல்லோருக்கும் பங்கிட்டதோ நின்றுபோன காற்றோட்டம். குறுந்தூரப் பிரயாணத்திலே ஏறுவதும் இறங்குவதும் நடைவழியில் நெருங்கி நிற்பதுமாக, தரையிற் கழியும் நேரம் பெரும் பங்காகிவிடுகிறது என்பதையும் எண்ணும்போது, 'ஒரு மணி நேரந்தானே' என்ற சமாதானம் வலுவிழக்கிறது.

காற்றுக்கு வகுப்பும் தெரியாது. 2020 மார்ச் முதலாம் திகதி லண்டனிலிருந்து ஹனோய் நகருக்குப் புறப்பட்ட விமானமொன்றில், நோயுடன் ஏறிய ஒருவரிடமிருந்து 15 பேருக்குத் தொற்று ஏற்பட்டதென ஆராய்ந்தோர் முடிவுகண்டனர். அவர்களுள் 12 பேர், நோயாளியுடன் விசாலமான வர்த்தக வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள். சிக்கன வகுப்பினர் இருவர். ஒருவர் விமானப் பணியாளர். அது நெடுந்தூரப் பிரயாணம். நோயாளி முன்வகுப்பில் இருந்தமையால் நோயும் அங்கேயே மிகுந்தது. பின்வகுப்பில் இருந்திருப்பின் பின்வகுப்பிலே மிகுந்திருக்கும். எனினும், அகன்ற ஆசனத்துக்குக் கொடுத்த பணம் அந்தப் பன்னிருவரையும் காப்பாற்றவில்லை. தன்னை மட்டும் தனியே காத்துக்கொள்ளும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இனி, இருமுகின்ற மனிதனிடம் வருவோம். 2003 மார்ச் 15ஆம் திகதி ஹொங்கொங்கிலிருந்து பெய்ஜிங் நகருக்கு மூன்று மணி நேரப் பிரயாணமாக ஒரு விமானம் சென்றது. அதில் இருந்தோர் 120 பேர். அவர்களுள் 72 வயது முதியவர் ஒருவர் சார்ஸ் நோயுடன் இருந்தார். வைத்தியசாலையிற் கிடந்த தம் சகோதரரைப் பார்க்கப் போனவர் அவர். அப்பிரயாணத்தின் பின் 22 பேருக்கு அந்நோய் கண்டது. முதியவருக்கு முன்னாலிருந்த மூன்று வரிசைகளில் 23 பேரில் 8 பேர் நோயுற்றனர் என்று பின்னர் வைத்தியர்கள் கணக்கிட்டனர். அந்த முதியவரைக் குற்றவாளி என்போமா? உலகச் சுகாதார நிறுவனம் பிரயாணிகளுக்கான அவசர எச்சரிக்கையை விடுத்ததும், அந்நோய்க்குச் சார்ஸ் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்ததும் அதே மார்ச் 15ஆம் திகதியன்றுதான். பெயரே அறியப்படாத ஒரு நோயைத் தம்முடன் கொண்டு, வீடு திரும்பும் அவாவுடன் ஏறிய கிழவர் அவர். அறியாமை குற்றமாகாது.

ஆனால், 2020இல் ஏறியவன் அறிந்தே ஏறினான் அல்லவா? காய்ச்சலை மாத்திரையால் மறைத்து, இருமலைக் கைக்குட்டையால் அடக்கி ஏறுபவன் நிச்சயமாகப் பிழை செய்கிறான். அயலவனின் உயிரை அவனது சம்மதமின்றிப் பணயம் வைப்பதை எந்த வறுமையும் நியாயமாக்கிவிடாது. இதை நாம் மழுப்புவதற்கில்லை. உழைக்கும் மக்கள்பால் அனுதாபமுடையோர் சிலர், சூழ்நிலையைச் சொல்லித் தனிமனிதனின் பொறுப்பையே கரைத்துவிடுகின்றனர். அஃது அம்மக்களுக்குச் செய்யும் மரியாதையன்று. பொறுப்பேற்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று சொல்வதாகவே முடியும்.

எனினும், பிழையை அளக்கும்போது அதற்கு வழிவகுத்தவற்றையும் அளத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் தனியார் துறைத் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்துடன் நோய் லீவு வழங்கும் நிரந்தர மத்திய சட்டம் இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அவசரச் சட்டம் இரு வார லீவை அளித்தது. ஆனால் 500 பேருக்குக் குறைந்தோர் வேலைசெய்யும் தாபனங்களுக்கே அது பொருந்தியது. அதன் கட்டாயமும் அவ்வாண்டு டிசம்பருடன் முடிந்தது. அன்றியும், விமானத்தைக் கம்பனி இரத்துச் செய்தாற் பணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும் என்ற விதி இருந்தது. நோயுற்ற பிரயாணி தானாக நின்றுவிட்டாலோ அவ்வுரிமை இல்லை. தொற்றுநோய் காரணமாகப் பிரயாணத்தைக் கைவிடுவோருக்கு, பிற்காலத்திற் பயன்படுத்தத்தக்க வரவுச்சீட்டு வழங்கவேண்டும் என்ற விதியை அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிட்டது 2024 ஏப்ரலிலேதான். நேர்மையாக நடப்பவன் சம்பளத்தையும் கட்டணத்தையும் இழக்கிறான். மறைப்பவன் இரண்டையும் காத்துக்கொள்கிறான். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, 'மக்களிடம் ஒழுக்கம் இல்லை' என்று அங்கலாய்ப்பது யாருக்கு அழகு? நேர்மைக்குத் தண்டம் விதிக்கும் சமுதாயம், நேர்மையை எதிர்பார்க்கும் உரிமையிற் பாதியை இழந்துவிடுகிறது.

இந்நிலையிலேதான் நடு ஆசனம் பற்றிய விவாதம் எழுந்தது. மூன்று ஆசனங்களில் நடுவிலுள்ளதை வெறுமையாக விடுவோம் என்றன சில கம்பனிகள், சில மறுத்தன, சில இரண்டொரு மாதம் விட்டுப்பார்த்துப் பின் கைவிட்டன. விமானக் கம்பனிகளின் சர்வதேசச் சங்கம் 2020 மே மாதத்தில் தன் கருத்தைத் தெரிவித்தது. நடு ஆசனத்தை வெறுமையாக விட்டால் ஆசனங்களில் நூற்றுக்கு 62 வீதத்தையே நிரப்பலாம். நட்டமின்றி ஓடுவதற்குச் சராசரி 77 வீதம் வேண்டும். ஆகவே கட்டணம் நூற்றுக்கு 43 முதல் 54 வரை உயரவேண்டி வரும் என்றது அச்சங்கம்.

இவ்வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. கட்டணம் பாதியளவு உயருமாயின் விமானத்தில் ஏறமுடியாமற் போகிறவன் ஏழையே. நோயாளித் தாயைப் பார்க்கவோ, தொலைதூரத்தில் வேலை தேடவோ செல்பவனுக்குப் 'பாதுகாப்பான, ஆனால் எட்டாத' பிரயாணத்தால் ஆகப்போவதொன்றுமில்லை. ஆனால், இந்த வாதத்தில் ஒரு மௌனம் உண்டு. பாதுகாப்பின் செலவைப் பிரயாணியே ஏற்கவேண்டும் என்பது அதிற் கேள்வியின்றி ஏற்கப்பட்டிருக்கிறது. அதே 2020 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம், பிரயாணிகள் விமானக் கம்பனிகளின் ஊழியர் சம்பளத்துக்காக 2,500 கோடி டொலரும், கடனாக மேலும் 2,500 கோடி டொலர் வரையும் ஒதுக்கியது. சம்பள உதவியைப் பெற்ற கம்பனிகள் செப்டெம்பர் 30 வரை ஊழியரைக் கட்டாய வேலைநீக்கம் செய்யலாகாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. நல்ல நிபந்தனைதான். பொதுப்பணத்தைக் கொடுக்கும்போது நிபந்தனை விதிக்கமுடியும் என்பதற்கு அதுவே சான்று. அவ்வாறே நடு ஆசனத்தின் செலவையும் பொதுப்பணத்தில் ஏற்று, அதை வெறுமையாக விடும்படி பணித்திருக்கலாம். அது நடக்கவில்லை.

நடந்தது வேறு. அவ்வாண்டு மே மாத முதல் வாரத்தில் புறொண்டியர் என்னும் மலிவுக் கட்டண விமானக் கம்பனி, பக்கத்து ஆசனம் வெறுமையாக இருக்கவேண்டும் என்று விரும்புவோர் 39 டொலர் முதல் மேலதிகக் கட்டணம் செலுத்தி அவ்வசதியைப் பெறலாம் என்று அறிவித்தது. நாட்டின் சட்டசபை உறுப்பினர் சிலர், நோய்ப் பயத்தை விற்றுப் பணம் பண்ணுவதா என்று கண்டித்தனர். சில நாட்களுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் திட்டம் கைவிடப்பட்டதோடு அதன் தத்துவமும் கைவிடப்பட்டுவிடவில்லை. 'விரும்புவோர் வாங்கட்டும், விரும்பாதோர் விடட்டும், இதில் யாருக்கு நட்டம்?' என்று இன்றும் நியாயம் பேசுவோர் உண்டு. காசுக்கேற்ற தோசை என்பது உணவுக்கடையிற் சரி. தொற்றுநோய்க்கு அது பொருந்துமா?

பொருந்தாது. காரணம் இரண்டு. முதலாவது, வாங்கப்படும் பொருள் வாங்குபவனுக்கு மட்டும் உரியதாய் நிற்பதில்லை. ஓர் ஆசனம் வெறுமையாக இருந்தால் அதன் இரு பக்கத்தாரும் நன்மை அடைகிறார்கள். முன்வரிசையும் பின்வரிசையும் அடைகின்றன. அதேபோல, வாங்கமுடியாதவனுக்கு வரும் ஆபத்து அவனோடு நிற்பதுமில்லை. எல்லோர்க்கும் பொதுவான ஒன்றைத் துண்டுபோட்டு விற்பது அதன் இயல்புக்கே மாறானது. இரண்டாவது, இங்கே வாங்குவோன் ஒரு வசதியை வாங்கவில்லை. தான் இன்னொருவனால் நெருக்கப்படாதிருக்கும் நிலையை வாங்குகிறான். அந்த நெருக்கத்தை உண்டாக்கியதோ விற்பவனேதான். ஆபத்தை ஒரு கையால் ஏற்படுத்தி, அதினின்று விடுதலையை மறு கையால் விற்பதை வியாபாரம் என்று எவ்வாறு அழைப்பது?

ஆபத்து உண்மையில் எவ்வளவு என்று கேட்கலாம். மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ஆர்னோல்ட் பார்னெட் 2020 யூலையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறுந்தூர உள்நாட்டு விமானம் ஒன்றில் எல்லோரும் முகக்கவசம் அணிந்திருக்க, ஆசனங்கள் நிறைந்திருப்பின் ஒரு பிரயாணிக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 4,300இல் ஒன்று. நடு ஆசனம் வெறுமையாயின் 7,700இல் ஒன்று. 2021 ஏப்ரல் 14ஆம் திகதி அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் வெளியிட்ட ஆய்வு, நடு ஆசனத்தை வெறுமையாக விடுவதால் கிருமிக்கு ஆட்படும் அளவு நூற்றுக்கு 23 முதல் 57 வரை குறையும் என்றது. முகக்கவசத்தின் பயனை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. நடு ஆசனத்தை இறுதிவரை வெறுமையாக விட்டிருந்த பெரிய கம்பனியான டெல்ற்றா, அம்மாத இறுதியுடன் அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. 4,300இல் ஒன்று என்பது தனியொருவனுக்குச் சிறிய ஆபத்துத்தான். ஆனால், தினமும் பல்லாயிரவர் பறக்கும் நாட்டில் அது சிறியதன்று. விமானத்தில் ஏறாமலே வீட்டிற் காத்திருக்கும் கிழவிக்கும் அதிற் பங்கு உண்டு.

தினமும் அந்தக் காற்றைச் சுவாசிப்போர் வேறு உளர். பிரயாணி ஒரு மணி நேரம் இருந்து இறங்கிவிடுகிறான். விமானப் பணிப்பெண்ணோ அடுத்த கூட்டத்தை வரவேற்க அங்கேயே நிற்கிறாள். முகக்கவசம் கட்டாயமாக்கப்படல் வேண்டும் என்று 2020 ஏப்ரலிலேயே அமெரிக்க விமானப் பணியாளர் தொழிற்சங்கம் குரல் எழுப்பியது. மே மாதத்தில் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதனை விதியாக்கின. மத்திய அரசின் கட்டளை வந்தது 2021 பெப்ரவரியில். தொழிலாளர் முதலில், முதலாளிகள் அடுத்து, அரசு கடைசியில் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. தம் உயிருக்காகக் குரல்கொடுத்த அத்தொழிலாளர், அதே குரலிற் பிரயாணிகளின் உயிருக்காகவும் பேசினர். அவர்கள் கேட்ட பொருளின் தன்மையும் எண்ணத்தக்கது. சாதாரணத் துணிக்கவசம், அணிபவனைக் காப்பதிலும் பார்க்க அவனைச் சூழ்ந்திருப்போரையே கூடுதலாகக் காக்கிறது. எல்லோரும் அணிந்தாலன்றி எவரும் போதிய பயன் பெறுவதில்லை. தனியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாத, பரஸ்பரம் கொடுத்தே பெறக்கூடிய பாதுகாப்பு அது.

ஆகவே, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இரு விடைகள் உண்டு. இரண்டும் சேர்ந்தே முழு விடையாகும். அயலவனுக்கு நாம் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நோயெனில் நிற்கவும், ஏறினால் முகத்தை மூடவும் கடமைப்பட்டவர்கள். இஃது ஏழைக்கும் உரிய கடமை. அதேவேளை, எம்மை நெருக்கி அமர்த்தியவனிடமும், லீவின்றி எம்மை வேலைக்கு விரட்டியவனிடமும், பொதுப்பணத்தை உரிய நிபந்தனையின்றி வழங்கிய அரசிடமும் கணக்குக் கேட்பது எமது உரிமை மட்டுமன்று. அதுவும் அயலவனுக்கு நாம் பட்டுள்ள கடனின் ஒரு பகுதியே. முதலாவது கடமையை மட்டும் போதிப்பவர்கள் பழியெல்லாவற்றையும் இருமுகிறவன் தலையிற் சுமத்திவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் பேசுபவர்கள், பக்கத்தில் இருப்பவனை மறந்துவிடுகிறார்கள்.

மாணவர்க்கு ஒழுக்கம் போதிக்கும் ஆசிரியர்களும் அதைக் கற்கும் மாணவர்களும் இவ்விரண்டையும் சேர்த்தே சிந்திக்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள். பயம் எப்பொழுதும் எமது பார்வையைப் பக்கத்து ஆசனத்தின்மீதே திருப்புகிறது. அங்கே இருப்பவனும் எம்மைப் போலவே மலிவான சீட்டை வாங்கியவன். எம்மைக் கண்டு அவனும் அஞ்சுகிறான். அந்த ஆசனங்களை யார் எதற்காக இப்படி வரிசைப்படுத்தினார்கள் என்று இருவரும் ஒருசேரக் கேட்கத் தொடங்கும்பொழுதுதான், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அச்சம் அகன்று, ஒருவருக்காக ஒருவர் கொள்ளும் அக்கறைக்கு இடம் உண்டாகும்.